நீல வெள்ளம்

சேவூரில் நான் குடியிருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு நெசவுத் தெரு இருக்கிறது. மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். மேட்டுக் கோடியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை. பள்ளக் கோடியில் நான்கு வீடுகள், நான்கிலும் குழித்தறி. புயல் மழையில் ஏரி வழிந்து தண்ணீர் உள்ளே வந்தபோது, பட்டறைக்காரர் முன்னால் நிற்க, ஆண்கள் மண்வெட்டியோடு கூடி, தெருவின் குறுக்கே இருந்த மண்கரையை வெட்டிவிட்டார்கள். மேட்டு வீடுகள் தப்பின. பள்ளத்து வீடுகளில் தறிக்குழி நிரம்பியது.

இரண்டும் நடந்தவை. முதலாவதை மட்டும் வைத்து ஒரு படப் புத்தகம் வந்தது.

சென்னையில் ஒரு பதிப்பகம் அந்த மாதிரிப் புத்தகங்களை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தது. புயல், வெள்ளம், நிலச்சரிவு எதுவானாலும் ஊர் கூடி எழுந்து நிற்கும். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். பத்திரிகை வேலையை விட்டு வந்த பிறகு மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம் என்று செய்துகொண்டிருந்த என்னிடம் தமிழ் வாசகங்களை எழுதித் தரக் கேட்டார்கள். பக்கத்துக்கு இரண்டு வரி. ஒப்புக்கொண்டேன்.

தகவல் சேகரிக்கப் போன முதல் நாளே பள்ளக் கோடி வீட்டுப் பெண் என்னைக் கூப்பிட்டாள். முப்பது வயதிருக்கும். கணவனும் அவளும் ஒரே தறியில் மாறி மாறி உட்காருகிறவர்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு மகள். வெள்ளத்தின்போது தறியில் இருந்தது சந்தன நிறப் பாவு, நெய்வதற்காக நீளவாட்டில் ஏற்றிய பட்டு இழைகள். அதை எனக்கு விரித்துக் காட்டினாள். பாதி நீளத்துக்கு அரக்குச் சிவப்பில் கறை.

"தண்ணி செவப்பா வந்துச்சுக்கா. மழை செவப்பாவா பேயும்?"

பட்டறையில் கரைத்து வைத்திருந்த சாயம் வெட்டிவிட்ட தண்ணீரோடு அவள் வீட்டுக்கு வந்திருக்கிறது. இதைச் சொல்லி அவள் கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்தாள். அதோடு தெரு அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டது. பேச்சு போனால் பரவாயில்லை; ஆள் வருவதும் நின்றுவிட்டது. புதுப் பாவு வந்தால் அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் அறுந்த இழைகளை முடிந்து சுற்றியாக வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகாத வேலை. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கை கொடுப்பது அங்கே வழக்கம். கறைபட்ட பாவுக்குப் பதிலாக, கூலிக்கு நெய்யக் கொடுக்கும் பட்டு முதலாளி தந்த புதுப் பாவு அவள் வீட்டில் சுற்றியபடியே கிடந்தது. சீக்கிரம் தறியில் ஏறாவிட்டால் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தார்.

"பொஸ்தகத்துல தண்ணிய அரக்குல போடச் சொல்லுங்கக்கா. யார் பேரும் வாணாம். கலர் மட்டும் போதும். நான் பொய் சொல்லலன்னு ஆச்சுன்னா பாவு புடிக்க வருவாங்க."

பட்டறைக்காரரையும் பார்த்தேன். தண்ணீரை வெட்டிவிடாமல் இருந்திருந்தால் தெருவே போயிருக்கும் என்றார். அதில் பொய் இல்லை. அவள் மனுவைப் பற்றிக் கேட்டேன். "அவ வூட்டுக்கு மட்டும் தனியா மழை பேஞ்ச மாதிரி பேசிகினு கீறா. பள்ளத்துல தண்ணி நிக்காம மெத்தை வூட்டு மாடியிலயா நிக்கும்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

போட்டோ எடுத்துப் போய் அதைப் பார்த்து வரைவதற்காக ஓவியர் சென்னையிலிருந்து வந்தார். அட்டைக்கு, தெரு கூடிப் பாவு பிடிக்கும் காட்சி வேண்டும் என்றார். அன்றைக்குக் கஞ்சி போடாமல் இருந்த பாவு அவளுடையது ஒன்றுதான். கேமராவைப் பார்த்ததும் தெரு வந்தது. வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள், சிலர் புதுச் சட்டையில். பாவை இழுத்துப் பிடித்தார்கள். அவள் கஞ்சிக் குண்டானோடு ஓடி வந்தாள். படம் எடுத்து முடித்ததும், "போட்டோ ஆச்சில்ல, வுடுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். குண்டானில் கை வைப்பதற்குள் தெரு கலைந்துவிட்டது. அவளும் கணவனும் பாவை மறுபடி சுற்றினார்கள். நான் ஒரு முனையைப் பிடித்தேன். எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை.

தண்ணீரின் நிறத்தைப் பற்றிப் பதிப்பாசிரியருக்கு எழுதினேன். அவர் போனில் அழைத்தார். மரியாதையான இளம்பெண். சிவப்பாகப் போட்டால் ரத்தம் மாதிரி இருக்கும், குழந்தைகள் பயப்படும் என்றார். சேற்று நிறமாவது போடலாமே என்றேன். அச்சில் அழுக்காகத் தெரியுமாம். சாயம் எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். "இது யாரையும் குத்தம் சொல்ற புக் இல்ல மேடம்" என்றார்.

புத்தகம் நன்றாக வந்திருந்தது. வழவழப்பான தாள். ஒன்பதாம் பக்கத்தில் ஆண்கள் கரையை வெட்டுகிறார்கள். தண்ணீர் பளிச்சென்ற நீலத்தில் வலது ஓரம்வரை ஓடுகிறது. அந்த ஓரத்துக்கு அப்பால்தான் அவள் வீடு. பக்கம் அங்கே முடிந்துவிடுகிறது. அட்டையில் அவள் இருக்கிறாள், கஞ்சிக் குண்டானோடு, சிரித்தபடி. அவள் அன்று சிரிக்கவில்லை.

வெளியீடு பள்ளிக்கூடத்தில் நடந்தது. முதல் பிரதியைப் பட்டறைக்காரர் வாங்கிக்கொண்டார். அட்டையை உயர்த்திக் காட்டி, எங்கள் தெருவில் யாரையும் தனியாக விட்டதில்லை, இதோ பாருங்கள் என்றார். பின்வரிசையில் நின்றிருந்த அவளைச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து, புத்தகத்தின் கடைசியில் வண்ணம் தீட்ட விட்டிருந்த பக்கத்தைப் பிள்ளைகள் தீட்டினார்கள். அதே தெரு, அதே வெள்ளம், வெறும் கோடுகளாக. அவள் தன் மகளுக்குப் பின்னால் போய் நின்றாள். நானும் பார்த்தேன். இடுப்பளவு அரக்குத் தண்ணீரில் அப்பா தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை, கோட்டைத் தாண்டாமல் அழகாக நீலம் தீட்டிக்கொண்டிருந்தது.

"செவப்பு இல்லியா உங்கிட்ட?"

"கீது. புக்ல ப்ளூதான் போட்டுக்கீது."

டீச்சர் அந்தப் படத்துக்கு நட்சத்திரம் ஒட்டினார்.

பாவு முதலாளிக்கே திரும்பிப் போனது. இப்போது அவள் காலையில் டவுன் பஸ் ஏறி ஆரணியில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். பஸ்ஸில் ஒருநாள் பக்கத்தில் இடம் கிடைத்தது. வேலை எப்படி என்று கேட்டேன்.

"பேஜார் இல்லக்கா. பாவு மிஷின்லயே சுத்தி வந்துரும். யாரும் வந்து புடிக்கத் தேவையில்ல."