மேடம் வந்து சொல்லணும்

வசந்தா மேடத்தின் இரங்கல் கூட்டத்துக்கு மாலையோடு வந்த ஏரிக்கரைக் காலனி மக்களை நாங்கள் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினோம். அப்போது நான் உள்ளே, மேடையோரம், மைக்கைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அவர் இறந்த செய்தி வந்தபோதும் அதே மேடையில்தான் இருந்தேன். எங்கள் பல்கலைக்கழகக் கலை மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: அயனம்பாக்கம் வீட்டில், தூக்கத்திலேயே, மாரடைப்பு. கீழே வரிசையாகக் கூப்பிய கைகள் விழுந்தன. நானும் ஒன்றைப் போட்டுவிட்டு, வேறென்ன செய்வதென்று தெரியாமல் திரையை ஏற்றும் வேலையைத் தொடர்ந்தேன்.

அவர் மையத்தின் ஒருங்கிணைப்பாளர். நான் ஒப்பந்த உதவியாளர். சனிக்கிழமை நாடகங்களுக்குச் சுற்றுவட்டார மக்களும் வரலாம் என்று நிர்வாகத்தைச் சம்மதிக்கவைத்தவர் அவர். காலனிக்காரர்கள் ஏரிக்குப் போன பாதையை மறித்துத்தான் எங்கள் மதில் நிற்கிறது. அவர்களை உள்ளே விட நிர்வாகம் நிபந்தனை போட்டது: ஒவ்வொரு முறையும் மேடமே கேட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். அதை முடிவு செய்த கூட்டத்தில், இதைப் படிக்கும் மைய ஊழியர்களான நீங்களும் இருந்தீர்கள், நானும் இருந்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. அவர்தான், "சரி, நிக்கிறேன். காத்தோட்டமா இருக்கும்" என்றார்.

வெயிலிலும் மழையிலும் நின்றார். நாங்கள் ஏசியில் இருந்தோம்.

காலனியில் இட்லிக்கடை வைத்திருக்கும் குமாரி அக்கா ஒருமுறை பூந்தமல்லி மார்க்கெட்டிலிருந்து கருவாட்டுப் பையோடு நேராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்துப் பேராசிரியர் மூக்கைப் பொத்தினார்.

"இன்னா சார், ஊட்ல மீனே துன்றதில்லியா?" என்றார் அக்கா.

பேராசிரியர் மேடத்தைப் பார்த்தார். "பின்னாடி நெறைய எடம் இருக்கு சார், நீங்க போய் உக்காருங்க" என்றார் மேடம். அவர் எழுந்து போனார்.

நாடக நாட்களில் மேடம் தன் ஊழியர் அட்டையைக் கழற்றிவிட்டு, வெளியாட்களுக்குத் தரும் 'விருந்தினர்' அட்டையை மாட்டிக்கொள்வார். ஏன் என்று கேட்டேன். "இதப் போட்டாத்தான் வெளியிலேருந்து வர்றவங்கள நாம எப்படி நடத்துறோம்னு தெரியுது" என்றார். இன்னொன்றும் சொல்வார்: "கூட்டம் வந்துச்சான்னு மட்டும் பாக்காத. எங்க உக்காந்தாங்கன்னு பாரு."

இரங்கல் கூட்டத்தில் முன்வரிசை முழுக்க நிர்வாகத்துக்கு ஒதுக்கியிருந்தோம். நாற்காலிகளில் தாளை ஒட்டியது நான். கேட்டில் நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

"கலை மையத்து மேடம் வந்து சொல்லணும். அதான் ஆர்டர்" என்றிருக்கிறார் புதிய காவலாளி.

"அந்த அம்மாதான் செத்துட்டாங்களேப்பா. அவங்களுக்குத்தான் மால எடுத்தாந்துகீறோம்" என்றிருக்கிறார் குமாரி அக்கா.

"எனக்குத் தெரியாதுக்கா. ஆர்டர் அப்டி."

அக்கா என்னைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். அது சைலண்டில் இருந்தது. அந்த நேரத்தில் மேடையில், சமுதாயத்துக்குக் கதவு திறந்தவர் என்று அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். முடிந்து வெளியே வந்தபோது மாலை கேட்டுக் கம்பியில் தொங்கியது.

மறுநாள் காவலாளியை மாற்றினார்கள். ஆர்டரை மாற்றவில்லை.

மேடத்தின் மேசையிலிருந்து அந்த விருந்தினர் அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதை மாட்டிக்கொண்டு கேட்டில் நிற்கும் துணிவு மிஞ்சவில்லை. என் ஒப்பந்தத்தை இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும், கையெழுத்து நிர்வாகத்துடையது.

மன்னிப்புக் கேட்க இட்லிக்கடைக்குப் போனேன். குமாரி அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"மன்னிப்பெல்லாம் நீயே வெச்சிக்கோ தம்பி. சனிக்கெழம நாங்க வர்றோம். கேட்டாண்ட நீ வந்து நில்லு. நிப்பியா, மாட்டியா? அத்த சொல்லு."