அம்மா கண்மூடிய சாயங்காலம்

அம்மாவுக்கு அடிக்கடி நெஞ்சு படபடக்கத் தொடங்கியபோது, ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரையோடு இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும், மூச்சு வருவதையும் போவதையும் மட்டும் கவனிக்க வேண்டும். இப்படியே விட்டால் படுத்துவிடுவாய் என்று பயமுறுத்தியும் வைத்தார். மாத்திரை கிடைத்துவிட்டது. பத்து நிமிடம்தான் எங்கள் வீட்டில் கிடைக்கவில்லை.

விடியும் முன்னே காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, மதியம் வரை திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்று, வீட்டுக்கு வந்து சமைத்துத் துவைத்து முடித்துச் சுவர் ஓரமாக அம்மா உட்காருவாள். உடனே தண்ணீர் லாரி வரும். அது போனால் இட்லி மாவு கேட்டு யாராவது வருவார்கள். ஒருநாள் தம்பி, அம்மா கண்ணை மூடியதைப் பார்த்துச் சாமி வரப்போகிறது என்று நம்பி, எதிரில் எலுமிச்சம்பழத்தை வைத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைய தியானம் அதோடு சரி.

அதனால் கடற்கரைக்குப் போவது என்று முடிவாயிற்று. எங்கள் குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே, அலை ஊருக்குள் வராமலிருக்கக் கருங்கல் கொட்டி வைத்திருந்தார்கள். சாயங்காலத்தில் வீடுகளின் நிழல் அந்தக் கற்கள் மேல் விழுந்து குளுகுளுவென்று இருக்கும். தூரத்தில் துறைமுகத்துக்குள் போக முறைக்காகக் காத்திருக்கும் கப்பல்கள், அசையாமல், பாதி வானத்திலும் பாதி தண்ணீரிலும் நிற்பதுபோல் தெரியும். பின்னால் சாலையில் கண்டெய்னர் லாரிகளும் அப்படியே வரிசையாக நிற்கும். எனக்கு அந்த நேரத்தில் உலகமே தியானம் செய்வதாகத் தோன்றும்.

எனக்குக் காவல் வேலை. "யாரு வந்து பேசினாலும் அம்மா இப்ப பேசாதுன்னு சொல்லு," என்று உத்தரவு. போலீஸ்காரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மா கடலைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு அத்தை. அம்மாவைப் பார்த்ததும் நடை நின்றுவிட்டது.

"இன்னாடி, உங்கம்மா இப்டி குந்திகினு கீது?"

"அம்மா இப்ப பேசாது அத்த."

"நைனா வந்துட்டாரா?"

"இன்னும் வரல."

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா விசைப்படகில் போனால் நாள்கணக்கில் கடலிலேயே தங்குவார். அந்தமுறை முந்தின நாளே கரைக்கு வந்திருக்க வேண்டும். மீன் நன்றாகப் பட்டால் ஒருநாள் கூடுவது வழக்கம்தான். அத்தை கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன். அவர் அம்மாவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கல்லில் மெல்ல உட்கார்ந்தார்.

அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், கருவாடு அள்ளிக்கொண்டிருந்தவர்கள், கையைக் கழுவாமலே வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அத்தையின் முகத்தைப் பார்ப்பார்கள், அம்மாவைப் பார்ப்பார்கள், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இத்தனை பேருக்கும் படபடப்பா என்று எனக்கு ஆச்சரியம். காவல் இவ்வளவு சுலபமாகப் போகிறதே என்று பெருமையும்கூட. அம்மாவோ அசையவே இல்லை. நாளெல்லாம் ஓடின உடம்பு, அசந்து தூங்கிப்போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் யாரோ விசும்பினார்கள். அம்மா கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் ஈரக் கண்களோடு பெண்கள். அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"இன்னா ஆச்சு? அவருக்கு இன்னா ஆச்சு?"

"நீதானே சொல்லணும்?" என்றார் அத்தை.

நான்தான், "அம்மா மூச்ச கவனிச்சிகினு இருந்துச்சு, டாக்டரு சொன்னாங்க," என்றேன்.

அம்மாவுக்குத் திட்டு விழுந்தது. "படகு வராதவ மாதிரி கடலப் பாத்து குந்திகினு, வேற எடம் இல்ல உனுக்கு?" என்று ஒருத்தி முதுகில் அடித்தாள், அடித்த கையோடு கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தார்கள். நைனா மறுநாள் விடியற்காலையில் ஐஸ் வாடையோடு வந்து இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் சேலையைத் தட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் அத்தை மட்டும் எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தியானத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கு விவரம் புரியவில்லை போல என்று பக்கத்தில் போனேன்.

"அத்த, நைனாவுக்கு ஒண்ணும் இல்ல. எந்திரி."

"நீ போ கண்ணு. நான் கொஞ்ச நேரம் குந்திகினு வரேன்."

முன்னால் போன அம்மா திரும்பி வந்து, அதே கல்லில் நெருக்கி உட்கார்ந்து, அத்தையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மட்டும் மூடவில்லை.

"கண்ண மூடும்மா," என்றேன். அம்மா காதில் வாங்கவே இல்லை.

அத்தையின் வீட்டுக்காரர் போன படகு திரும்பி வராதது நான் பிறப்பதற்கு முன்பு. யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்றுதான் உட்கார்ந்த அத்தைக்கே இவ்வளவு நன்றாக வருகிறது, அம்மாவுக்கு இத்தனை நாளாகியும் தியானம் வரவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.