பலகையில் எழுதிவிட்டுப் போன யூசுப் அண்ணன்

சென்ற வியாழக்கிழமை இரவு ஏழே முக்கால் மணிக்கு, நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, காரைக்காலிலிருந்து கலைவாணி அக்கா குழுவில் செய்தி போட்டார். "யூசுப் தவறிட்டார். தட்டாஞ்சாவடியிலிருந்து வீட்டுக்குப் போகும்போது வண்டி விபத்து."

"யாருடி மெசேஜு?" என்றார் அம்மா.

"டியூஷன் குரூப்பும்மா" என்றேன். மீதி பீன்ஸையும் நறுக்கி முடித்தேன்.

யூசுப் அண்ணன் நினைவாக நாங்கள் எழுதிச் சேர்க்கும் இந்தத் தொகுப்பு அவர் வீட்டாருக்கும் போகும் என்பதால் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஐந்து பேர், ஐந்து ஊர்களில் இருக்கிறோம். எழுத்துப் படிக்கத் தெரியாத நோயாளிகளுக்குப் படச்சீட்டு வரைகிறோம். எந்த மாத்திரை காலையில், எது சாப்பிட்ட பிறகு என்பதெல்லாம் அதில் படமாக இருக்கும். யாருக்கும் சம்பளம் கிடையாது. யூசுப் அண்ணன் பகலில் தட்டாஞ்சாவடியில் ஸ்டிக்கர் வெட்டும் பட்டறையில் வேலை செய்தார். நான் பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் யாருக்கும் இது தெரியாது. இதைக்கூட எல்லோரும் தூங்கிய பிறகு, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன்.

நான் சேர்ந்த புதிதில், வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லும் சீட்டை வரைந்தேன். ஒரு தட்டை வரைந்து அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு போட்டேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா இரண்டு பஸ் மாறி வந்து, "தட்டுல சாப்புடக் கூடாதுன்னு போட்டிருந்தீங்க, அதான் எலையில சாப்ட்டு வந்தேன்" என்றாராம். பரிசோதனை செய்ய முடியாமல் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைய போன் கூட்டத்தில் மற்றவர்கள் சிரித்தார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தம்மா மறுபடியும் ரெண்டு பஸ் மாறி வரணும். அத நெனச்சுக்கோங்க. யாரு வரைஞ்சதுன்னு தேட வேணாம், அஞ்சு பேரும் பாத்துதானே அனுப்புனோம்" என்றார். எங்கள் தவறுகளை எழுதும் பக்கத்தில் அவரே எழுதினார்: "நாங்கள் தட்டை அடித்தோம். சோற்றை அடிக்க மறந்துவிட்டோம்." அதைப் படித்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆள் பலகையும் அவர் கொண்டுவந்ததுதான். எல்லோரும் போனில் திறந்து பார்க்கக்கூடிய ஒரு தாள் அது. அதில் ஐந்து பெயர்கள். வேலையிலிருந்து எழுந்து போகிறவர் தன் பெயருக்கு எதிரே ஒரு வரி எழுதிவிட்டுப் போக வேண்டும். "பட்டறையில தலையத் திருப்புனா ஆளு இருக்கானா இல்லையான்னு தெரியும். இங்க செவுத்தப் பாத்தா இன்னா தெரியும்?" என்பார். நாங்கள் "சாப்பாடு", "கரண்ட் இல்லை" என்று எழுதுவோம். அவர் "டீ குடிக்கப் போறேன். மசால்வடை சூடா இருந்தா லேட்டாகும்" என்று எழுதுவார்.

இனி எழுத வேண்டியது கடினமானது.

அந்த வியாழக்கிழமை கண் சொட்டு மருந்துச் சீட்டு அச்சுக்குப் போக இருந்தது. வலது கண்ணுக்கு மட்டும் விட வேண்டிய மருந்தை நான் இரண்டு கண்ணிலும் வரைந்திருந்தேன். கவனித்ததும் பதறிப்போய் அண்ணனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். "அண்ணா, அவசரம், ஒடனே பாருங்க." அதோடு நிற்காமல் இரண்டு முறை போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை.

விபத்து அந்த நேரத்தில்தான் நடந்தது. ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு மறுகையால் என் செய்தியைத் திறக்கும் அண்ணனை மூன்று நாட்கள் கண் முன்னே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் பெயர் கூப்பிட்டபோது எனக்குக் காதில் விழவில்லை. அவர் மனைவிக்கு எப்போதாவது தெரிந்தால் என்ன சொல்வேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். குழுவைத் திறக்கவே பயமாக இருந்தது.

இன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது கலைவாணி அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "அக்கா, நான்தான் அவருக்கு போன் பண்ணேன். வண்டியில போயிட்டிருந்தப்ப."

"எத்தன மணிக்குடி?"

"ஆறு பத்துக்கு."

"பலகையப் பாத்தியா நீ?"

"இல்லக்கா. பயமா இருந்துச்சு."

"மொதல்ல பாரு. நான் லைன்ல இருக்கேன்."

பார்த்தேன். யூசுப் என்ற பெயருக்கு எதிரே, ஐந்து ஐம்பத்திரண்டுக்கு எழுதிய வரி இருந்தது: "கிளம்புறேன். போன் வண்டி சீட்டுக்கு அடியில. வீட்டுக்குப் போய்தான் எடுப்பேன், கத்தாதீங்க."

"அவரு தம்பிகிட்டயும் பேசுனேன்" என்றார் அக்கா. "பின்னாடி வந்த வேன் இடிச்சிருக்கு. போன் சீட்டுக்கு அடியிலதான் கெடந்துச்சாம், கர்ச்சீப்புல சுத்தி. நீ கூப்ட்டது அவருக்குத் தெரியவே தெரியாதுடி பாப்பா. ஒன் கண் மருந்துச் சீட்ட நம்ம குரூப் பிரபு பாத்து அச்சுக்குப் போவாம நிறுத்திட்டான். மூணு நாளா இத வச்சிக்கிட்டா இருந்த?"

துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். "அக்கா, அவர் செத்துட்டாரு, எனக்கு நிம்மதியா இருக்கே. இது தப்பில்லையா?" என்றேன்.

"இருந்துட்டுப் போவட்டும். அவரு இருந்தா ஒன்ன மொதல்ல சாப்புடச் சொல்லுவாரு."

இன்றிரவு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

விபத்துக்கு முந்தின நாள் அண்ணன் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். இந்த மூன்று நாட்களும் அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. சற்று முன்பு போர்வைக்குள் காதோடு வைத்துக் கேட்டேன். "பாப்பா, மாத்திர படம் நல்லா வந்திருக்கு. ஆனா டம்ளர்ல தண்ணியவே காணோம். பாவம், மென்னு முழுங்குவாங்களா?" என்கிறார். பிறகு அவரே சிரிக்கிறார், டீக்கடைச் சத்தத்துக்கும் மேலே. அந்தச் சிரிப்பை நான் வைத்துக்கொள்கிறேன்.