பாயோட சாம்பிளைத் தச்சுவிட்டேன்

மதியம் உத்தமபாளையத்துல என் வண்டி சீட் தைக்கிற கடைக்கு ரெக்சின் வியாபாரி பசீர் பாய் வந்தாக. அவுக லோடு தூத்துக்குடி துறைமுகத்துல நிக்குது.

"துணின்னா ஒரு வரி, பிளாஸ்டிக்னா ஒரு வரியாம்ப்பா. ரெக்சினுக்கு அடியில துணி இருக்குன்னு நாளைக்குக் கஸ்டம்ஸ் ஆபீசர்கிட்டக் காட்டணும். கைவசம் இருக்கது இந்த ஒத்த சாம்பிள்தான்"னாக.

"பேசாம ரெண்டு வரியையும் கட்டிருங்க பாய், ஆபீசரே மாலை போடுவாரு"ன்னு சிரிச்சேன்.

அவுக தொழுகைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, மேசையில கிடந்த அந்தப் பச்சைத் துண்டை, வழக்கம்போல ஒட்டுத்துணின்னு நெனச்சு வெட்டி, அவசரமா வந்த ஒரு குமுளி ஜீப்போட முன்சீட்டுக் கிழிசல்ல தச்சுட்டேன். ஜீப்பும் கிளம்பிருச்சு. டிரைவர் நம்பர் வாங்கலை.

திரும்பி வந்ததும் சொன்னேன்; பாய் திட்டவே இல்ல. "விடுப்பா"ன்னுட்டு வெயில்ல நடந்து போனாக. திட்டியிருந்தா சோறு இறங்கியிருக்கும்.

குமுளி ஜீப்புல போறவுக, முன்சீட்டுல பச்சை ஒட்டு தெரிஞ்சா உடனே சொல்லுங்க. மேல உக்காந்திருக்கவரு எந்திரிக்கலைன்னா, கஸ்டம்ஸ் தேடுதுன்னு சொல்லிப் பாருங்க!