சக்கரத்தோடு வந்த தேசம்

லாரி கழுவும் கொட்டகையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள் அவள். எல்லாரும் சேற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. சோறு போடுகிற சேற்றின் பேரைச் சொல்லி அழைத்தால் என்ன குறைந்துவிடும்?

பள்ளிக்கூடத்துப் பக்கம் அவள் ஒதுங்கியதில்லை. வீடு விட்டால் கொட்டகை, கொட்டகை விட்டால் வீடு. ஆனால் அவ்வளவு பெரிய தேசமும் அவள் கைக்குப் பழக்கம். கரிசல் என்றால் சமவெளி; காய்ந்தால் ஓடு, நனைந்தால் பசை, குச்சி விட்டுக் குடைந்தாலும் மாமியார் மனசு போல இளகாது. வெளுத்த புழுதி என்றால் வடக்கே மழை எட்டிப் பார்க்காத பொட்டல். செம்மண்ணோடு இலைச்சருகு ஒட்டியிருந்தால் மலை. வந்து நிற்கும் லாரியின் அடித்தகடு வெள்ளையாய்ப் பூத்து, நாக்கில் உப்புக் கரித்தால் கடலோரம். ஆமாம், நாக்கில்தான். சந்தேகம் வந்தால் ஒரு துளி நக்கிப் பார்த்துவிடுவாள்.

தண்ணீர் அடிக்கும் முன்னால், சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் அடைந்த மண்ணைத் தகட்டால் பெயர்த்தெடுப்பது அவள் வழக்கம். இல்லாவிட்டால் சாக்கடை அடைத்துக்கொள்ளும். பெயர்த்ததைச் சுவரோரம் குவித்துவைத்துத் தன் கத்தரிச் செடிகளுக்குப் போடுவாள். "சேற்றக்கா வீட்டுக் கத்தரிக்காய்ல டீசல் வாசம் வருது" என்று மற்ற ஆட்கள் கேலி செய்வார்கள்.

இந்த வேலை சும்மா கிடைத்ததில்லை. புருஷன் போனபின் இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்து நின்றபோது, பொம்பளையாவது லாரிக்கு அடியில் படுப்பதாவது என்று ஒரு டிரைவரும் வண்டியைத் தரவில்லை. மீசைக்காரர் என்கிற டிரைவர் ஒருவர்தான் சாவியை மேஸ்திரியின் மேஜையில் வைத்தார். "என் வண்டிய அந்தத் தங்கச்சிதான் கழுவணும். வேற கை பட்டுச்சுன்னா நான் எடுக்க மாட்டேன்" என்றார். அன்று பற்றிய அடுப்பு அதன்பின் அணையவே இல்லை.

அது கையில் போன் இல்லாத காலம். ஒரு மழைக்காலத்தில் வடக்கே சரக்கு ஏற்றப் போன மீசைக்காரர், மூன்று நாளில் திரும்ப வேண்டியவர், ஐந்தாம் நாள் காலையில் வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். வண்டியைக் கழுவக் கொடுத்துவிட்டு பெஞ்சில் சாய்ந்தவர்தான், அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். கழுவி முடித்து வண்டி பளபளவென்று நின்றபோது லாரி முதலாளி வந்து அவரை எழுப்பினார்.

"ரெண்டு நாள் எங்கய்யா போன? மாமியார் வீட்டு விருந்தா?"

மீசைக்காரரின் மனைவிக்குப் பிறந்த ஊர் கடலோரம். அது எல்லாருக்கும் தெரியும்.

"இல்லீங்க முதலாளி. ஆத்துப் பாலம் உடைஞ்சுபோச்சு. மலையச் சுத்தி வந்தேன்."

"மலையுமில்ல, மடுவுமில்ல. என் வண்டியில கடலோரமா ஊர்வலம் போயிட்டு வந்திருக்க. சாவியக் குடு. நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

மீசைக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு வண்டியைப் பார்த்தார். "வண்டியே சாட்சி சொல்லியிருக்கும்ங்க. அதையும் கழுவியாச்சு."

சேற்றக்கா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். அண்ணன் பிழைப்பைத் தன் கையாலேயே கழுவிவிட்டோமே! அப்புறம் சுவரோரம் பார்த்தாள்; காலையில் அந்த வண்டியிலிருந்து பெயர்த்த கட்டி உடையாமல் கிடந்தது. விறுவிறுவென்று போனாள்.

மேஸ்திரி குறுக்கே வந்தார். "ஏய், பேசாம இரு. அவரு வண்டி பதினாறு இங்க வருது. கோச்சுக்கிட்டா உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

"போகட்டுமே. சேறு வேற எங்கயும் இல்லாமலா போச்சு?"

செங்கல் கனத்துக்கு ஒரு மண்கட்டியைத் தூக்கிவந்து முதலாளி முன்னால் உடைத்தாள்.

"அய்யா, போன தடவை இந்த வண்டியச் சுத்தமாத் துடைச்சு அனுப்புனது நான். இதுல இருக்கறது பூரா இந்த நடையில ஏறுனது. உள்ள கருப்பு, போறப்ப ஒட்டுன சமவெளி. அதுக்கு மேல வெள்ளை, சரக்கு ஏத்துன பொட்டல். அதுக்கு மேல பாருங்க சிவப்பு, காப்பி இலையோட. கடல்லயா காப்பி விளையுது?"

"கடலோரத்துலயும் செம்மண் உண்டு."

"உண்டு. ஆனா கரிக்கும். நக்கிப் பாருங்க."

"என்னது?"

"நான் தினமும் நக்கறேன், செத்தா போயிட்டேன்? நாக்கு நுனியில வச்சாப் போதும்."

கொட்டகை மொத்தமும் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டது. நீட்டிய அவள் கை மட்டும் மடங்கவில்லை. முதலாளி முறைத்தார்; அவளும் இமைக்கவில்லை. கடைசியில் மனுஷன் துளி மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தார், துப்பினார்.

"கரிக்கல" என்றார். சாவியை மீசைக்காரர் கையில் திணித்தார். "வீட்டுக்குப் போய் தூங்குய்யா. நாளை மறுநாள் வந்து எடு."

மீசைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி..." என்றார்.

"நீங்க அன்னிக்கு அந்த மேஜையில சாவி வச்சீங்களேண்ணே, அதை நான் மறப்பேனா?"

அடுத்த மாதம் அவர் தன் மனைவியோடு வந்து, கடல் பார்க்கக் கூப்பிட்டார். "கடல்தான் வாரத்துக்கு ரெண்டு தடவை என்னைப் பாக்க வருதே, நான் வேற எதுக்கு?" என்று அடம்பிடித்தாள். பிறகு யோசித்தாள். "அது இத்தனை தடவை வந்துட்டுப் போயிருக்கு. நாம ஒரு தடவையாவது போகலன்னா நல்லாருக்காது" என்று இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு லாரியில் ஏறினாள்.

அலை வந்து காலை நனைத்தது. குனிந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"தெரிஞ்ச ஆள்தான்" என்று மகள்களிடம் சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரைப் பார்த்துக் கைகூப்பினாள்.