வேலிக்கு மேலால் போகிற அந்த வயர்

சிவா அண்ணா போய்விட்டார்.

இன்று காலை. எங்கள் பக்கத்து வீட்டுச் சிவா அண்ணா. கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாராம். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே... ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள். பயமாக இருக்கிறது, அதுதான் எழுதுகிறேன்.

நெளுக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன நண்பர்களுக்கு அவரைத் தெரியும். நெல்லுக் களஞ்சியத்தில் வேலை. ஆனால் வாயைத் திறந்தால் கம்ப்யூட்டர் கதைதான். வாயும் கொஞ்சம் பெரிசு.

எங்கள் ஹோலில் டிவியோடு இருக்கிற சின்னக் கம்ப்யூட்டர் அவர் பாகம் பாகமாகப் பூட்டித் தந்தது. அதற்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. சுவிட்சைப் போட்டால், வேலிக்கு மேலால் வருகிற நெட்வேர்க் வயர் வழியாக, அவர் வீட்டு அறையில் இருக்கிற மெஷினில் இருந்துதான் எல்லாம் வரும்.

எங்கள் பழைய டிஸ்க் பழுதாகிப்போன அன்று சொன்னார். "டிஸ்க் ஏன் தங்கச்சி உங்களுக்கு? நான் பக்கத்திலை இருக்கிறன்தானே."

அந்த மெஷினுக்குள்தான் என் கலியாண வீடியோ இருக்கிறது. கிளிநொச்சியில் எடுத்தது. அதில் என் தம்பி கபில் பாயாச வாளியோடு பந்திக்குள் வருவான். கமராப் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்கள் சாப்பிட்டியளோ?" என்று கேட்பான்.

கடைசி யுத்தத்தோடு காணாமல் போனவன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவன் குரல் என்று எங்களிடம் இருப்பது அவ்வளவுதான்.

அம்மா ஒவ்வொரு நாளும் மத்தியானம் அதைப் போட்டுப் பார்ப்பா. அவன் கேட்டதும் "இனித்தான்டா ராசா" என்று பதில் சொல்லுவா. அதற்குப் பிறகுதான் சோற்றில் கை வைப்பா.

பெரியம்மா வெளிநாட்டில் இருந்து அனுப்பிய டிவிடியில் இருந்து அண்ணாதான் அதை இறக்கி வைத்தார். டிவிடி இப்போது ஓடாது, முழுக்கக் கீறல். "பென் டிரைவிலை ஒண்டு போட்டுத் தாங்கோ அண்ணா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"தாறன், தாறன். அது எங்கை ஓடப்போகுது?"

இடையில் ஒருமுறை அந்த வீடியோ திக்கத் தொடங்கியது. தம்பி வாயைத் திறப்பான், அப்படியே நிற்பான். "அம்..." பிறகு கொஞ்சம் ஓடும். திரும்பவும் நிற்கும்.

"பிள்ளைக்கு விக்கல். ஆரோ அவனை நினைக்கினம்" என்றா அம்மா. எனக்கு ஃபைல் பழுதாகிறதோ என்று பயம்.

அண்ணா வேலை முடிந்து பின்னேரம் வந்து பார்ப்பார். அப்போது வழுக்கிக்கொண்டு ஓடும். "பிழை மெஷினிலை இல்லை தங்கச்சி, உங்கடை கண்ணிலை" என்பார். அடுத்த நாள் மத்தியானம் பழைய கதைதான்.

ரேமை மாற்றினார். வீடியோ டிரைவரை மாற்றினார். நெட்வேர்க் சுவிட்சையும் மாற்றினார். ஒவ்வொரு முறையும் "இனிப் பாருங்கோ" என்று ஒரு பெருமைச் சிரிப்பு... ஒன்றும் சரிவரவில்லை.

கடைசியில் ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாள் மத்தியானமே வந்தார். வேலியடியில் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த வயர் முழுக்க அம்மாவின் ஈரச் சீலைகள். காலையில் தோய்த்துப் போடுவா, பின்னேரம் அவர் வரமுன் எடுத்துவிடுவா. பாரம் இழுக்க இழுக்க வயரின் முனை பிளக்குக்குள் இளகி, வீடியோ விட்டு விட்டுத்தான் வந்திருக்கிறது.

"நல்ல இறுக்கமாய் இருந்திச்சுது, கொடியெண்டு நினைச்சன்" என்று அம்மா முழித்தா.

அவர் ஏசவில்லை. "அன்ரி, மகன்ரை தலையிலை சீலையைப் போட்டால் அவன் எப்பிடிக் கதைக்கிறது?" என்று சிரித்தார். அன்றே நைலோன் கயிறு வாங்கி வந்து அம்மாவுக்குத் தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுத்தார்.

இன்று மத்தியானம்...

செத்தவீட்டுக்குப் பக்கத்தில் டிவி போடக்கூடாது என்று அம்மாவுக்குத் தெரியாதா? சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, இருக்கிறானா என்று மட்டும் பார்க்கப் போட்டா. தம்பி வாளியோடு வந்தான். திக்கினான். நின்றுவிட்டான்.

அம்மா என்னைப் பார்த்தா. நான் வெளியே ஓடினேன்.

அண்ணா வீட்டு முற்றத்தில் நிழலுக்குத் தறப்பாள் கட்டியவர்கள் ஒரு கயிற்றை அந்த வயரில் கட்டியிருந்தார்கள். உள்ளே யாரோ சொந்தக்காரர், "அறையிலை என்னவோ இரையுது, எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ" என்று சொல்வது கேட்டது.

அவர்கள் வீட்டு வாசல் படலையடியில் நின்றுவிட்டேன். அவரை அங்கே கிடத்தியிருக்கிறார்கள்... நான் போய் என்னவென்று கேட்பது? எங்கள் வீடியோ ஓடவில்லை என்றா?

அப்போதுதான் ரஜனி அக்காவின் குரல். அண்ணாவின் மனைவி. அவரின் தலைமாட்டில் இருந்து குழறிக்கொண்டிருந்தவா நிமிர்ந்து கத்தினா.

"அந்த மெஷினிலை ஒருத்தரும் கை வையாதேங்கோ! பக்கத்து வீட்டு அன்ரியின்ரை பிள்ளை அதுக்குள்ளை இருக்கிறான்!"

திரும்பவும் குனிந்து அழத் தொடங்கிவிட்டா.

தறப்பாள் கயிற்றை நானே அவிழ்த்து எங்கள் வேப்பமரத்தில் கட்டினேன். வீட்டுக்குள் வர, தம்பி வாய் அசைத்துக்கொண்டிருந்தான், சத்தமில்லாமல். அம்மா இன்று பதில் சொல்லவில்லை. டிவியை நிப்பாட்டிவிட்டு, சீலையை மாற்றிக்கொண்டு ரஜனி அக்காவிடம் போனா.

நாளைக்குத்தான் எடுக்கிறார்கள்.

போயிட்டு வாங்கோ அண்ணா. உங்கடை மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நின்றால் திரும்பப் போட இங்கே ஒருவருக்கும் தெரியாது...

கரண்ட் மட்டும் போகக்கூடாது.