நாற்காலி உயரத்துப் பாத்தி

தொப்பூர் இறக்கத்தில் நடந்த லாரி விபத்தில் என் கணவரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அதுவரை ஓய்ந்து உட்காராத மனிதர் சக்கர நாற்காலியில் முடங்கினார். செடி வளர்த்தாவது அவருக்குப் பொழுது போகட்டும் என்றால், மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு பிடி மண் கிடையாது. வாசல் முழுக்க சிமெண்ட்.

அந்த சிமெண்ட் மேலேயே அவர் கை எட்டும் உயரத்தில் பாத்தி கட்ட முடிவு செய்தேன். ஹாலோ பிளாக் கற்களை நானே சுமந்து, மூன்று வரிசை அடுக்கி, செம்மண் கொட்டி, கத்தரி நாற்று நட்டேன்.

“சிமெண்ட் மேல வெள்ளாமையா?” என்று பக்கத்து வீட்டம்மா சிரித்தார்.

சிரித்தது போலவே ஆயிற்று. ஊற்றிய தண்ணீர் வெளியேற வழியில்லை. இரண்டே வாரத்தில் நாற்றெல்லாம் மஞ்சளாகி அழுகிவிட்டது.

“எல்லாத்தையும் அள்ளிப் போட்டுரு. எனக்கு ஒன்னும் வேணாம்,” என்று கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இருங்க, தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு,” என்றேன்.

மண்ணை முழுக்க வாரிக் கற்களைப் பிரித்தேன். இம்முறை அடிவரிசைக் கற்களுக்கு நடுவே விரல் நுழையும் சந்து விட்டேன். அடியில் ஜல்லி, அதன்மேல் பழைய கொசுவலை, பிறகு செம்மண்ணோடு எருவும் தேங்காய் நாரும் கலந்து நிரப்பினேன். ஒரு குடம் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தேன். சந்துகளில் தண்ணீர் கசிந்து வாசல் சரிவில் ஓடியது. அங்கேயே கைதட்டிவிட்டேன்.

முதலில் கீரை வந்தது. அதை அவரே கிள்ளினார். பிறகு தக்காளி போட்டோம். களை எடுப்பது, குச்சி நட்டுக் கட்டுவது எல்லாம் அவர் வேலை. என்னைத் தொட விடமாட்டார்.

ஏக்கர் கணக்கில் தக்காளி போடும் என் கொழுந்தனார் ஒருநாள் வந்து, தட்டில் இருந்த பழத்தைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

“நல்லாருக்குதே, எந்தக் கடையில வாங்குனீங்க அண்ணி?”

நான் வாய் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து பதில் வந்தது.

“கடையா? எம் பொண்டாட்டி சிமெண்ட் மேல கட்டுன காட்டுல வெளஞ்சதுடா!”

நான் காபி போட உள்ளே போனேன். என் முகத்தில் இருந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்போது வாசலில் நான்கு பாத்திகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டம்மா தன் மாடிக்கு ஒன்று கட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.